பீடி சுற்றும் பெண்ணுக்கு ஓர் அட்டை பிறந்த கதை

ஆம்பூர், பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் சில தெருக்களில் ஒரு வீட்டு நடையில் மடியில் முறத்தோடு ஒரு பெண் பீடி சுற்றிக்கொண்டிருப்பார். நாலு வீடு தள்ளி இன்னொருவர் ஷூ அப்பர், அதாவது ஷூவின் மேல்பகுதி, தைத்துக்கொண்டிருப்பார். முதலவருக்கு இலையும் தூளும், மற்றவருக்கு வெட்டித் துளை போட்ட தோலும் வெளியிலிருந்து வருகின்றன. இரண்டு பேருக்கும் எண்ணிக்கைக்குத்தான் கூலி. ஒருவருக்கு ஆயிரம் பீடிக்கு இவ்வளவு, மற்றவருக்கு ஒரு ஜோடிக்கு இவ்வளவு. ஏஜென்ட் ஒரு வாரம் வராவிட்டால் இரண்டு வீட்டிலும் கடன்தான்.

ஆனால் பீடி சுற்றுபவரின் பெட்டிக்குள் அநேகமாக ஓர் அடையாள அட்டை இருக்கும். 'பீடித் தொழிலாளி' என்று மத்திய அரசு ஒப்புக்கொண்டு கொடுத்த அட்டை. அதைக் காட்டினால் பீடித் தொழிலாளர் மருந்தகத்தில் வைத்தியம் பார்ப்பார்கள். பிள்ளைகளுக்குப் படிப்பு உதவித்தொகை உண்டு. கம்பெனி ஒழுங்காகக் கணக்கு வைத்திருந்தால் பி.எஃப். உண்டு. அப்பர் தைப்பவருக்கு வேலை கொடுத்த கம்பெனியின் பெயரைச் சொல்லும் ஒரு காகிதம்கூடக் கிடையாது. ஒரே தெருவில் இருக்கும் இரண்டு பேருக்கு இந்த வித்தியாசம் எப்படி வந்தது என்று பின்னோக்கிப் போனால், கெட்ட காலத்தில் ஏழைகளைக் காப்பாற்ற இந்த நாடு எப்படி மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டது, எந்த இடத்தில் நின்றுபோனது என்பது தெரியும்.

கதை 1930-களின் பெரும் மந்தத்தில் தொடங்குகிறது. தொழிலாளர் நிலையை ஆராய ஜான் ஹென்றி விட்லி தலைமையில் பிரிட்டிஷ் அரசு 1929-ல் அமைத்த ராயல் கமிஷன் 1931-ல் அறிக்கை கொடுத்தது. ஆலைகளையும் சுரங்கங்களையும் பார்க்க வந்தவர்கள், சென்னை மாகாணத்து பீடிப் பட்டறைகளையும் பார்த்தார்கள். ஐந்து வயதுப் பிள்ளைகள்கூடப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்து, வார விடுமுறை இல்லாமல், இரண்டு அணா அளவு கூலிக்கு பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். பலர் அடகு வைக்கப்பட்ட பிள்ளைகள். அப்பா முதலாளியிடம் முன்பணம் வாங்கியிருப்பார். அந்தக் கடன் தீரும்வரை பிள்ளை அங்கே வேலை செய்ய வேண்டும். கூலி வட்டிக்கே காணாது என்பதால் கடன் தீராது.

இதைப் பெற்றவர்களின் கொடுமை என்று மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும். நெல் விலை விழுந்து, வேலை அற்றுப்போய், கடன் கொடுக்க ஆளில்லாத காலத்தில், பிள்ளையின் உழைப்பைத் தவிர ஈடு வைக்க அந்தக் குடும்பங்களிடம் வேறொன்றும் இருக்கவில்லை. இடர் வந்தபோது அவர்களுக்குக் கிடைத்த ஒரே காப்பீடு பீடி முதலாளியின் முன்பணம்தான்.

கமிஷன் சொன்னதன் விளைவாக 1933-ல் குழந்தைகளின் உழைப்பை அடகு வைப்பதைத் தடுக்கும் சட்டம் வந்தது. அடகு வைத்த பெற்றோருக்கு 50 ரூபாய் வரை அபராதம், வாங்கியவருக்கு 200 ரூபாய் வரை. முன்பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்வியை அந்தச் சட்டம் தொடவே இல்லை. அதனால் அடகும் நிற்கவில்லை. அறுபது வருடம் கழித்து, 1990-களின் நடுவிலும் ஆம்பூரும் குடியாத்தமும் அன்று சேர்ந்திருந்த வட ஆற்காட்டில், அதாவது வேலூர் மாவட்டத்தில், பீடி முன்பணத்துக்குக் கட்டுண்ட பிள்ளைகள் இருந்தார்கள். அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த எம்.பி. விஜயகுமார் இரண்டு காரியம் செய்தார். முன்பணத்துக்கு மாற்றாகக் குடும்பங்களுக்குச் சேமிப்பு, கடன் வசதி உண்டாக்கினார். மீட்ட பிள்ளைகளுக்கு ரிஷி வேலிப் பள்ளியின் கிராமக் கல்வி முறையைக் கொண்டுவந்து பள்ளிகள் தொடங்கினார். வயதுக்கேற்ற வகுப்பில் உட்கார முடியாத பிள்ளைகள் அவரவர் வேகத்தில் அட்டைகளை வைத்துப் படிக்கும் முறை அது. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளுக்கும், பிறகு தமிழ்நாடு முழுக்கத் தொடக்கப் பள்ளிகளுக்கும் போன செயல்வழிக் கற்றலுக்கு வித்து இங்கேதான் விழுந்தது. நம் பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்து படித்த அந்த வகுப்பறைக்கு வேலூரின் பீடிப் பிள்ளைகளிடம் ஒரு கடன் இருக்கிறது. அதை யாரும் நினைவுகூர்வதில்லை என்பதால் இங்கே சொல்லி வைக்கிறேன்.

அட்டைக்கு வருகிறேன்.

1946-47-ல் சென்னை மாகாண அரசு ஒரு விசாரணை மன்றம் அமைத்தது. பொறுப்பேற்றவர் பொருளியல் அறிஞர் பி.வி. நாராயணசாமி நாயுடு. பீடி, சுருட்டு, மூக்குப்பொடி, புகையிலை பதப்படுத்தல் இவற்றோடு தோல் பதனிடுதலையும் ஒரே விசாரணையில் சேர்த்தார்கள். பெரிய ஆலைச் சட்டங்களின் கண்ணுக்குத் தப்பி, சிறு கூடங்களில், மோசமான நிலையில் நடந்த தொழில்கள் இவை. அடுத்த வருடம் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தபோதும் இரண்டும் சேர்ந்தே வந்தன. 1948-ம் வருடத்து அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில், பீடி உட்படப் புகையிலைத் தொழிலும் உண்டு, தோல் ஷாப்புகள் எனப்படும் பதனிடும் கூடங்களும் தோல் பொருள் தொழிலும் உண்டு. நாட்டிலேயே கூலிக்குக் கீழ்வரம்பு அவசரமாகத் தேவைப்பட்ட ஒரு டஜன் தொழில்களுக்குள் பாலாற்றங்கரையின் இந்த இரண்டும் இருந்தன.

அதே 1948-ல் தொழிற்சாலைச் சட்டமும் வந்தது. மின்சாரம் இல்லாத இடத்தில் இருபது பேர் வேலை செய்தால் அது தொழிற்சாலை. உடனே பீடி முதலாளிகள் கூடத்தைப் பத்துப் பத்துப் பேராகப் பிரித்தார்கள். மாநில அரசு சின்னக் கூடங்களையும் சட்டத்துக்குள் கொண்டுவந்தால், கூடமே இல்லாமல் வேலையை வீடுகளுக்கு அனுப்பினார்கள். அதற்குக் கல்லும் சுண்ணாம்பும் தேவையில்லை. ஒரு முறம், ஒரு கத்தரி, இலை வெட்ட ஒரு தகடு, நூல். அவ்வளவுதான் பீடிப் பட்டறை.

இந்த வேலையை அருகில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அதில் எங்கெங்கே கூலி கசிகிறது என்பது தெரியும். முந்தின நாள் ராத்திரியே இலையை நனைத்து ஈரத்துணியில் சுற்றி வைக்க வேண்டும். காலையில் தகட்டை வைத்து அளவாக வெட்ட வேண்டும். வெட்டிய இலையில் தூளைப் பரப்பி, ஒரு முனை ஒல்லியாக வரும்படி உருட்டி, அகலமான முனையை உள்ளே மடக்கி, நூலைச் சுற்ற வேண்டும். கூலி கணக்கிடுவது சுற்றிய பீடிக்கு. நனைத்ததற்கும் வெட்டியதற்கும் கட்டியதற்கும் தனியாக ஒன்றும் இல்லை. ஆயிரத்துக்கென்று நிறுத்துக் கொடுத்த இலையில் ஓட்டையும் கிழிசலும் போக ஆயிரம் வராது. குறைகிற இலையைத் தன் காசில் வாங்கிச் சேர்க்க வேண்டும். கொண்டுபோய்க் கொடுத்தால் ஒரு பிடியை 'சரியில்லை' என்று ஒதுக்குவார்கள். ஒதுக்கியதற்குக் கூலி கிடையாது, ஒதுக்கிய பீடியும் திரும்பி வராது. கேட்டால் அடுத்த வாரம் இலை கிடைக்காது.

கேட்க வேண்டிய ஆள் யார் என்பதே சிக்கலாக இருந்தது. இலை கொடுப்பது ஏஜென்ட். லேபிள் ஒட்டி விற்பது கம்பெனி. எங்களுக்கும் அந்தப் பெண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று கம்பெனி கேட்டது. 1958-ல் மத்தியப் பிரதேசத்து வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் அந்தப் பக்கம்தான் நின்றது. ஒப்பந்தம் எடுத்து வெளியே பீடி சுற்றித் தருபவர்கள் தொழிற்சாலைச் சட்டப்படி தொழிலாளிகள் ஆகமாட்டார்கள் என்றது. ஆறு வருடம் கழித்து, 1964-ல், சென்னைத் தொழில் தீர்ப்பாயத்திலிருந்து போன வழக்கில் அதே நீதிமன்றம் ஒப்பந்தக் காகிதத்தைத் தாண்டிப் பார்த்தது. இந்த ஏஜென்டுகளுக்குச் சொந்த முதலும் இல்லை, சுதந்திரமும் இல்லை. பெயருக்குத்தான் ஒப்பந்ததாரர்கள், உண்மையில் கம்பெனியின் ஆட்கள். ஆகவே அவர்களிடம் பீடி சுற்றுபவர்கள் கம்பெனியின் தொழிலாளிகளே என்று சொன்னது. என் கணக்கில் அட்டை கருவுற்றது அந்தத் தீர்ப்பில்தான்.

இதற்கு நடுவில் சென்னை மாநிலம் 1958-லேயே தனியாக ஒரு பீடிச் சட்டம் போட்டிருந்தது. அதில் ஒரு பாடம் கிடைத்தது. சட்டம் உள்ள மாநிலத்தை விட்டு, இல்லாத மாநிலத்துக்குத் தொழில் நகர்ந்தது. மத்திய அரசு 1966-ல் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டத்தைக் கொண்டுவந்தபோது அதற்குச் சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று.

அந்த 1966 சட்டத்தின் விளக்கப் பகுதியில் ஒரு வரி இருக்கிறது. முதலாளியிடமோ ஒப்பந்ததாரரிடமோ மூலப்பொருள் வாங்கி, வீட்டில் பீடி சுற்றுபவரும் இந்தச் சட்டப்படி பணியாளர் என்கிறது அது. வீட்டுக்குள் உட்கார்ந்து வேலை செய்யும் பெண்ணை மனதில் வைத்துத் தெளிவாக எழுதிய வரி அது. இலை குறைவாகக் கொடுத்தார்களா, பீடியை நியாயமாக ஒதுக்கினார்களா என்ற தகராறுகளைத் தீர்க்கவும் அதில் வழி வைத்தார்கள். மகப்பேறு உதவிச் சட்டத்தை பீடித் தொழிலுக்கு நீட்டினார்கள். முறத்தின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த யாரோ எழுதியதுபோல் அந்தப் பிரிவுகள் இருக்கும். தொழிலாளிகளும் சங்கங்களும் வருடக்கணக்காகக் கொடுத்த மனுக்கள்தான் அந்தக் கண்களைக் கொடுத்திருக்க வேண்டும் என்று நான் நம்புகிறேன்.

முதலாளிகள் சும்மா இருக்கவில்லை. 1968-ல் கேரளத்தில் சட்டத்தை அமலாக்கியதும், கண்ணூரில் பெரிய அளவில் பீடி போட்டுவந்த மங்களூர் நிறுவனம் அங்கே வேலையை நிறுத்தியது. ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் வேலை இழந்தார்கள். அந்தப் பட்டினியிலிருந்து 1969-ல் பிறந்ததுதான் தினேஷ் பீடி கூட்டுறவு. சுற்றுபவர்களே சொந்தக்காரர்களான அந்தச் சங்கம் பல்லாண்டு காலம் நாட்டுக்கே முன்மாதிரியாக இருந்தது. நம் பக்கம் அப்படி ஒன்று பெரிதாக எழவில்லை. சென்னை உட்படப் பல உயர் நீதிமன்றங்களில் சட்டத்தை எதிர்த்து வழக்குகள்தான் எழுந்தன. 1974-ல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று முடித்து வைத்தது.

உரிமை வந்தது. பணம் எங்கிருந்து வரும்? ஊர் ஊராகச் சிதறிக் கிடக்கும் லட்சக்கணக்கான வீடுகளுக்கு ஆஸ்பத்திரியும் உதவித்தொகையும் யார் கொடுப்பது? 1976-ல் அதற்கு விடை கண்டார்கள். முதலில் பீடிக்குப் போகும் புகையிலை மேலும், பிறகு பீடி மேலேயும் ஒரு சின்ன வரி போட்டு, அதை பீடித் தொழிலாளர் நல நிதியில் சேர்த்தார்கள். வீடு வீடாகப் போய் முதலாளியைத் தேட வேண்டியதில்லை; பீடி கம்பெனியின் வாசலைத் தாண்டும்போது பணம் பிடிக்கப்பட்டுவிடும். அந்த நிதியிலிருந்துதான் மருந்தகங்கள், உதவித்தொகை, வீடு கட்ட மானியம் எல்லாம் வந்தன. அவற்றைக் கொடுக்க, பெறுபவர் யார் என்று தெரிய வேண்டும். அந்தத் தேவைக்குப் பிறந்ததுதான் அடையாள அட்டை. 1977-ல் பி.எஃப். சட்டத்தையும் பீடிக்கு நீட்டினார்கள். வீட்டில் சுற்றுபவருக்கு அது கிடையாது என்று கம்பெனிகள் வழக்காடின. 1985-ல் உச்ச நீதிமன்றம், உண்டு என்றது.

விட்லி கமிஷனிலிருந்து எண்ணினால் அரை நூற்றாண்டுக்கு மேல். அத்தனை காலம் பிடித்தது, ஒரு பெண்ணின் நடையைத் தொழிலிடம் என்று ஏற்க.

இந்த அட்டை எல்லாக் குறையையும் தீர்த்துவிட்டதாகச் சொன்னால் பொய். இலையை விற்பதாகவும் பீடியை விலைக்கு வாங்குவதாகவும் கணக்கெழுதி, சுற்றுபவரைச் சொந்தத் தொழில் செய்பவராகக் காட்டும் வழக்கம் இன்றும் இருக்கிறது. அட்டை இல்லாத பெண்கள் நிறைய. நாள் முழுக்கப் புகையிலைத் தூளைச் சுவாசிக்கும் நெஞ்சுக்கு மருந்தகத்து மாத்திரை ஈடாகாது. ஜி.எஸ்.டி. வந்த 2017-ல் நல நிதிக்கான அந்த வரியையே எடுத்துவிட்டார்கள். பீடித் தொழிலாளரின் நலன் இப்போது பொது பட்ஜெட்டின் தயவில் இருக்கிறது. 2025 நவம்பர் 21-ல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்ததில் 1966-ம் வருடத்துச் சட்டமும் தனிச் சட்டமாக இல்லாமல் போனது. தன் பெயரில் ஒரு சட்டமும் ஒரு வரியும் இருந்த தொழிலாளிக்கு இரண்டும் போனதை நான் நஷ்டமாகத்தான் பார்க்கிறேன். அப்படியும் அந்த அட்டை ஒரு பிடி. அதை வைத்துக்கொண்டு ஒரு சங்கம் வழக்குப் போடலாம், ஒரு பெண் அலுவலகத்தில் போய் நின்று கேட்கலாம்.

இனி நாலு வீடு தள்ளிப் போவோம். 1947-ல் ஒன்றாக விசாரிக்கப்பட்ட தோல், 1966-ல் எங்கே போனது?

அப்போது தோலில் வீட்டு வேலை இல்லை. சுண்ணாம்புக் குழி, பட்டைச் சாறு, பிறகு டிரம் என்று எல்லாம் ஷாப்புக்குள் நடந்த வேலை. பாதி பதனிட்ட தோல்தான் அன்று இங்கிருந்து கப்பலேறியது. 1970-களின் தொடக்கத்தில் சீதாராமையா கமிட்டி சொன்னபடி, பாதி பதனிட்ட தோல் ஏற்றுமதியை மத்திய அரசு கட்டுப்படுத்தி, முழுதாகப் பதனிட்ட தோலுக்கும் தோல் பொருளுக்கும் தொழிலைத் திருப்பியது. அதன் பிறகுதான் ஆம்பூரும் ராணிப்பேட்டையும் ஷூ ஊர்கள் ஆயின. ஷூ கம்பெனிகளுக்குள் ஆயிரக்கணக்கான பெண்கள் வேலைக்குப் போனார்கள், பி.எஃப்., இ.எஸ்.ஐ. கிடைத்தது. கையால் தைக்க வேண்டிய அப்பர் மட்டும் மூட்டை கட்டி வீடுகளுக்கு வந்தது. பீடிச் சட்டம் எழுதியவர்கள் இவர்களை மறக்கவில்லை. இவர்களின் வேலை அப்போது பிறக்கவே இல்லை. பிறந்த பிறகு இவர்களுக்கென்று யாரும் எழுதவில்லை என்பதுதான் குறை.

மொக்காசின் வகை ஷூவின் மேல்தோலைச் சுற்றுத்தோலோடு சேர்க்கும் தையல்தான் வீட்டுக்கு வரும் அந்த வேலை. மெழுகு நூலை ஒவ்வொரு துளையிலும் விட்டு இழுத்து இறுக்க வேண்டும். இழுவை ஒரே சீராக இல்லாவிட்டால் சுருக்கம் கோணலாகும். ஜோடி திரும்பி வரும். நூல் அறுக்காமல் விரலில் ரப்பரோ துணியோ சுற்றிக்கொள்வார்கள். 2016-ல் ஹோம்வொர்க்கர்ஸ் வேர்ல்ட்வைட், லேபர் பிஹைண்ட் த லேபல், பெங்களூரின் சிவிடெப் அமைப்புகள் ஆம்பூர்ப் பக்கத்துப் பெண்களிடம் பேசி வெளியிட்ட அறிக்கை, ஒரு ஜோடிக்குப் பத்து ரூபாயை ஒட்டிய கூலிதான் கிடைக்கிறது என்றது. அந்த ஷூ ஐரோப்பியக் கடையில் விற்கும் விலையை இங்கே எழுத மனம் வரவில்லை.

காலணி, தோல் பொருள், தோல் பதனிடும் தொழிலாளர்களுக்கென்று தமிழ்நாட்டில் ஒரு நல வாரியம் இருக்கிறது. பதிந்தவர்களுக்கு விபத்து, கல்வி, மகப்பேறு, அறுபது வயதுக்குமேல் ஓய்வூதியம் என்று உதவிகள் உண்டு. 2020 ஊரடங்கில் நல வாரியங்களில் பதிந்தவர்களுக்கு அரசு ஆயிரம் ரூபாய் கொடுத்தபோது, பதிவின் அருமை பலருக்குத் தெரிந்தது. இந்த வாரியம் வேண்டும், இதில் எல்லாப் பெண்களும் பதிய வேண்டும். ஆனால் பீடி அட்டைக்குப் பின்னால் இருந்த இரண்டு விஷயம் இதில் இல்லை. வேலை கொடுத்த கம்பெனி இன்னது என்று அது எழுதி வைப்பதில்லை. ஷூவிலிருந்தே ஒரு காசு அந்த நிதிக்கு வருவதும் இல்லை. ஆகவே ஆர்டர் நின்றால் கேட்பதற்கு ஆளில்லை. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது கம்பெனிகளும் ஏற்றுமதியாளர் சங்கங்களும் தில்லிக்குக் கடிதம் எழுத முடிந்தது. அப்பர் மூட்டை வராத வீட்டிலிருந்து யாருக்குக் கடிதம் எழுதுவது?

இன்றைக்கு பீடி குறைந்துகொண்டு வருகிறது. குறையட்டும், அது நல்லது. அம்மா சுற்றிய இடத்தில் மகள் தைக்கிறாள். வேலையை மாற்றிய அன்றே, அம்மாவுக்குச் சட்டத்தில் இருந்த இடம் மகளுக்கு இல்லாமல் போகிறது. மாற்றம் முன்னேற்றமாக இருக்க வேண்டுமென்றால் இந்த ஒன்றையாவது கூடவே எடுத்துப் போக விட வேண்டும்.

வழி தெரியாத காரியம் இல்லை இது. 1966-ம் வருடத்து அந்த விளக்கத்தின் வாசகத்தை எடுத்து, பீடி என்ற இடத்தில் காலணி என்று போட்டுப் புதிய சட்டத்தில் சேர்த்தால், தோல் கொடுத்தனுப்பும் கம்பெனி பொறுப்புக்கு வரும். பணத்துக்கு இன்னும் பழைய முன்மாதிரி உண்டு. 1946-ல் அப்பிரகச் சுரங்கத் தொழிலாளர் நல நிதிச் சட்டம் போட்டபோது, காட்டுக்குள் சிதறிக் கிடந்த சுரங்கங்களில் போய் யாரும் வசூலிக்கவில்லை. ஏற்றுமதியாகும் அப்பிரகத்தின் மீது சுங்கத்திலேயே பிடித்தார்கள். மதிப்பில் ஆறேகால் சதவீதம் வரை பிடிக்கச் சட்டம் இடம் கொடுத்தது. அன்று சென்னை மாகாணத்தில் இருந்த நெல்லூர் மாவட்டத்து அப்பிரகத் தொழிலாளிகளும் அந்த நிதிக்கு உரியவர்கள். ஆம்பூரில் தைத்த ஜோடியும் துறைமுகத்தில் விலைச்சீட்டோடுதான் கப்பல் ஏறுகிறது. அதில் ஆறேகால் வேண்டாம், அரை சதவீதம் போதும். அந்தச் சீட்டின் ஓரத்தில் ஜோடியைக் கையால் தைத்தவர்களின் பதிவு எண்ணையும் கேட்கத் தொடங்கலாம்.